மூக்கம்மாவின் ஓரகத்தி

குடிநீர் நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மூக்கம்மா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூட யாரென்று விளங்கும். அந்தப் பெயரை வைத்தவர் மோட்டார் அறை ஆபரேட்டர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில், நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் மண்வாடை ஏறுகிறது என்று அவள் சொன்னாள். மற்றவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த வாரம் ஊரே குழாயைத் திறந்துவிட்டு முகத்தைச் சுளித்தது. தேக்கத்தின் ஓரமெல்லாம் பாசி பச்சைப் போர்வை மாதிரி படர்ந்து கிடந்தது. "நம்ம முகத்துல இருக்கறதெல்லாம் கண்ணாடி மாட்டறதுக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். மூக்குன்னா அந்தம்மாவோடதுதான் மூக்கு" என்றார் ஆபரேட்டர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை உதறிவிட முயலவில்லை. யாராவது மூக்கம்மா என்று கூப்பிட்டால், பட்டம் வாங்கியவள் போல நிமிர்ந்து திரும்புவாள்.

வேலை என்று பார்த்தால் அவள் ஆய்வக உதவியாளர்தான். ஆற்றிலிருந்தும் தேக்கத்திலிருந்தும் தெருக்குழாய்களிலிருந்தும் வரும் மாதிரி பாட்டில்களை வாங்கி, சீட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்குவாள். குடுவைகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கலங்கல், உப்பு, கிருமி, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று என்று ஒவ்வொன்றையும் அளக்க ஒவ்வொரு கருவி அங்கே இருந்தது. ஆனாலும் ஆய்வகத்துக்குத் தலைமையான மேடம், முகர்ந்து பார்க்கும் குழுவை மட்டும் கலைக்க விடவில்லை. "மெஷின் நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். கேக்காததையும் சொல்றதுக்கு ஒரு மூக்கு வேணும்" என்பார்.

குழுவில் ஐந்து பேர். ஆபரேட்டர், வாசல் காவலாளி என்று எல்லோரும் நிலையத்தில் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள். வாரத்தில் சில காலைகளில் ஜன்னலில்லாத சின்ன அறை ஒன்றில் வந்து உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று கண்ணாடிக் குடுவைகள் வெதுவெதுப்பாக வரும். இரண்டில் கரி வடிகட்டியில் இறங்கிய, வாசனையே இல்லாத தண்ணீர். மூன்றாவதில் அதே தண்ணீருடன் மாதிரித் தண்ணீர் கொஞ்சம். மூடியைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்து, எது வேறு என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் மாதிரி துளிக்கணக்கில்தான் இருக்கும், அடுத்தடுத்த சுற்றில் கூடிக்கொண்டே போகும். யார் எந்தச் சுற்றில் கண்டுபிடிக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த மூக்கின் கூர்மை. வருகிறவர்கள் அன்று காலை டீ குடிக்கக்கூடாது. பவுடர், தைலம், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது. சளி பிடித்தால் உள்ளே விடமாட்டார்கள்.

மூக்கம்மா எப்போதும் எல்லோருக்கும் முன்னால் கை தூக்குவாள். அவள் வாழ்க்கையில் எல்லோருக்கும் முன்னால் அவள் இருந்த இடம் அது ஒன்றுதான்.

வீட்டில் அப்படியில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த மாடி வீடு. கீழே பெரியவளான இவள், மேலே சின்னவள். சின்னவள் மூக்கும் முழியுமாக இருப்பாள். அவள் சிரித்தால் சண்டைக்கு வந்த எதிர்வீட்டுத் தையல்காரர்கூட வந்த காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் போவார். மழை பெய்தால் அவள் கணவன் பஸ் நிறுத்தத்துக்கே குடையோடு போய் நிற்பான். பெரியவளின் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நல்ல மனுஷன்தான், ஆனால் மழை பெய்தால் "நனைஞ்சுட்டியா?" என்று கேட்பார். கண்ணெதிரே சொட்டச் சொட்ட நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வி. அது போதாதென்று டீசல் வாடை வேறு. உலகத்திலேயே கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு அவள் இருபது வருஷமாக டீசலோடு குடும்பம் நடத்துகிறாள் என்று ஆபரேட்டர் கேலி பேசுவார்.

சின்னவள்மேல் பெரியவளுக்கு இருந்தது வெறுப்பு என்று சொல்ல முடியாது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான். பிறகு மறுநாள் காலை குடுவைக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் அந்த எரிச்சல் அடங்கிவிடும்.

அப்படி அடங்கிக் கிடந்ததைத் தட்டி எழுப்பியவளும் அவளேதான்.

குழுவில் இருந்த கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு சைனஸ் முற்றி, மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. வெளியிலிருந்து ஒரு ஆள் கிடைத்தாலும் பரவாயில்லை என்றார் மேடம். பெரியவள் யோசிக்கவே இல்லை. "எங்க ஓரகத்தி சும்மாதான் இருக்கா மேடம், கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் தன்னை வெறும் குடுவை கழுவுகிறவளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையில் தனக்கு இருக்கும் மரியாதையைச் சின்னவள் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். பார்த்துவிட்டு மாடியில் போய்ச் சொல்லட்டும்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

முதல் நாள் சின்னவள் பரீட்சைக்கு வந்தவள் போல விரலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சுற்றுக் குடுவைகள் வந்தன. பெரியவள் மூன்றையும் முகர்ந்தாள், ஒன்றும் வரவில்லை. முதல் சுற்றில் யாருக்கும் வராது, வரக்கூடாது. பக்கத்தில் சின்னவள் கையை அரைகுறையாகத் தூக்கினாள்.

"மேடம், இந்த நடுவுல இருக்கறது... தப்பா இருந்தா சொல்லுங்க. பென்சில் சீவின மாதிரி இருக்கு."

மேடம் தன் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அடுத்த மாதிரியிலும் அப்படியே ஆயிற்று, அதற்கடுத்ததிலும் ஆயிற்று. முடிவில் மேடம் பெரியவள் பக்கம் திரும்பி, "இவங்களை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பெரியவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்திலேயே நிறுத்திவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அன்று பஸ்ஸில் சின்னவள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும்." பொறாமைப்படுகிறவர்களுக்கு எதிராளியின் பணிவைவிடக் கொடுமை வேறு கிடையாது. அவள் கர்வப்பட்டிருந்தால் பெரியவள் நிம்மதியாகத் திட்டியிருப்பாள்.

வாரங்கள் போயின. ஆபரேட்டர் சின்னவளுக்கு 'சின்ன மூக்கு' என்று பெயர் வைத்தார். அதுவரை ஒரே மூக்காக இருந்தவள் திடீரென்று பெரிய மூக்காகிவிட்டாள். கேட்கவே நாராசமாக இருந்தது. வீட்டிலோ கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "மேல இருக்கறவ ரொம்பக் கெட்டிக்காரியாமே. தம்பி சொன்னான்" என்றார்.

"ஆமா. சோத்துல உப்பு இல்லைன்னா அதையும் அவளையே மோந்து பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது. மனுஷன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பெரியவளுக்கு இப்போது எதைப் பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. சின்னவள் மாடிப்படியில் இறங்கும்போது மூக்கை லேசாக உறிஞ்சினால், தன் அடுக்களை வாடையை எடை போடுகிறாள் என்று தோன்றியது. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் தன் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பெரிய மூக்குதான். பெரிசாக இருந்து என்ன பிரயோஜனம்.

ஒரு சாயங்காலம், கடைத்தெருவில் அழகுப் பொருள் விற்கும் கடையின் முன்னால் அவள் கால் தானாக நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு க்ரீம் டப்பா. கடைப்பெண் மூடியைத் திறந்தபோதே வாசனை முகத்தில் வந்து மோதியது. ரோஜாவும் வேறேதோவும் கலந்த, கழுவினாலும் போகாத ரகம்.

"இது எவ்வளவு நேரம் நிக்கும்மா?"

"ராத்திரி போட்டுக்கிட்டா மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்க்கா. தலைகாணிலகூட வாசனை போகாது."

அவள் அதை வாங்கினாள். வாங்கும்போதே எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வீடு வரும்வரை, ஓரகத்திக்கு ஆசையாக ஒன்று வாங்கினால் என்ன தப்பு என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே வந்தாள்.

சின்னவள் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்காக்கா?" என்று ஒரு தரம் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ராத்திரி படுக்கும்போது போட்டுக்கோ. காலைல முகம் கழுவிட்டா ஒண்ணும் தெரியாது" என்றாள் பெரியவள்.

மறுநாள் முகர்வுக் குழு கூடும் நாள். சின்னவள் நன்றாக முகம் கழுவிக்கொண்டுதான் வந்தாள். அறை வாசலில் நின்றிருந்த மேடம் அவள் பக்கத்தில் வந்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, பூக்கடையே நடந்து வர்ற மாதிரி இருக்கு. இன்னிக்கு நீங்க உள்ள வர முடியாது. மத்தவங்க மூக்கும் கெட்டுடும்."

சின்னவளின் முகம் சுண்டிவிட்டது. பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு நாலு பேர்தான். ஆற்றுத் தண்ணீர், தேக்கத்துத் தண்ணீர், சுத்திகரித்துக் குளோரின் கலந்த தண்ணீர் என்று வரிசையாக வந்தன. யாருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு மேடம் எழுந்தார். பெரியவளுக்கு அன்று காலை முழுக்க உடம்பு லேசாக இருந்தது. குடுவை கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்ததாக ஆபரேட்டர் பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் சின்னவள் ஒரு டம்ளரோடு கீழே வந்தாள். காலையில் நடந்ததைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. இப்பதான் குழாய்ல பிடிச்சேன். ஆஸ்பத்திரில தரை துடைச்ச மாதிரி ஒரு வாடை."

பெரியவள் டம்ளரை வாங்கி முகர்ந்தாள். கையால் மூடிக் குலுக்கி மறுபடியும் முகர்ந்தாள். தண்ணீர். வெறும் தண்ணீர்.

"ஒண்ணும் இல்லையே."

"நல்லா வருதேக்கா."

"உன் மூக்குல அந்த க்ரீம்தான் நிக்குது. போய் நல்லா கழுவு."

சின்னவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

பெரியவள் அடுப்பைப் பற்றவைத்தாள். காய் நறுக்கினாள். கை தன் வேலையைச் செய்தது, மனசு மட்டும் குழாயடியிலேயே நின்றது. சின்னவள் சொன்னது நிஜமாக இருந்தால் நிலையத்துக்கு உடனே சொல்ல வேண்டும். சொன்னால், கண்டுபிடித்தது யார் என்று கேட்பார்கள். நாளைக்கு அந்த அறையில் அவளுக்கு இன்னொரு மாலை விழும். இவள் கத்தியை வைத்துவிட்டு இரண்டு தரம் குழாயைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லாததை எப்படிப் போய்ச் சொல்வது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

குழம்பு கொதித்து இறங்கிய நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, உங்க ஆபீஸ்ல தண்ணில மருந்து கிருந்து கொட்டிட்டீங்களா? டீ வாய்ல வைக்க முடியல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள். ஓடிப்போய் தொலைபேசியை எடுத்தாள்.

"மேடம், வீட்டுக் குழாய்ல ஆஸ்பத்திரி வாடை அடிக்குது மேடம்."

"நீங்களே மோந்து பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்ல அவகாசம் இருந்தது. நாக்கு அதற்குள் புரண்டுவிட்டது. "ஆமா மேடம். எனக்குத்தான் முதல்ல வந்துச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாடிப்படியின் நடுவில் சின்னவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வந்த வழியே திரும்பி ஏறிப் போனாள்.

இரவோடு இரவாக ஆற்று மதகை மூடிவிட்டுத் தேக்கத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். சின்னவளுக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

"ஆத்துல எங்கயோ கழிவு கலந்திருக்கு. பீனால் வகை ரசாயனம்னு நினைக்கிறேன். ஆத்துத் தண்ணில இருக்கற வரைக்கும் அவ்வளவா வாசனை தெரியாது. நாம குளோரின் போட்டதும்தான் மருந்து வாடையா மாறும், குழாய்ல போகப் போக ஏறும். மெஷின்ல பாக்கறதுக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு பாட்டில் போயிருக்கு, பதில் வர நாளாகும். நேத்து இவங்க மட்டும் போன் பண்ணலைன்னா விடியற வரைக்கும் இதையே ஊருக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருப்போம்."

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். ஆபரேட்டர் கை தட்டினார். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டலுக்காக எத்தனை நாள் ஏங்கினாளோ, அது வந்தபோது பெரியவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

"நேத்து காலைல எடுத்த பாட்டில் குளிர்பெட்டில இருக்கு. அப்பவே இருந்துச்சான்னு தெரியணும். முதல்ல நீங்க பாருங்க" என்று மேடம் அவள் முன்னால் மூன்று குடுவைகளை வைத்தார்.

முகர்ந்தாள். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. இடது ஓரத்தைக் காட்டினாள். மேடம் அடுத்த மூன்றை வைத்தார். இப்போது நடுவில் இருந்ததைக் காட்டினாள். கடைசியாக, நேற்றுச் சாயங்காலம் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரையே கலக்காமல் வைத்தார். மூடியைத் தூக்கும்போதே சுவரோரம் நின்ற காவலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் மட்டும் குனிந்து குனிந்து முகர்ந்தாள். மூன்றும் அவளுக்கு வெறும் தண்ணீர்தான். குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டாள். அது தவறு என்று மற்றவர்களின் முகத்திலேயே தெரிந்தது. மூக்கு உடைபட்டது என்பார்களே, அது அப்படி எல்லோர் முன்னாலும் நடந்தது.

பிறகு சின்னவள் உட்கார்ந்தாள். நேற்றுக் காலை மாதிரியில், இரண்டாம் சுற்றிலேயே சரியான குடுவையைத் தொட்டாள்.

மேடம் பெரியவளைக் கழுவுமிடத்துக்குத் தனியாக அழைத்துப் போனார். "வீட்டுல யாருக்கு முதல்ல வந்துச்சு?"

"சின்னவளுக்கு."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பெரியவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சில வாசனை சிலருக்குப் பிறவியிலேயே வராது. எனக்கே ஒண்ணு ரெண்டு வராது. அது குத்தமில்ல. வராததை வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் குத்தம். நாம சொல்றதை நம்பித்தான் ஊரே வாயில தண்ணி ஊத்துது. கொஞ்ச நாளைக்கு நீங்க அந்த ரூம் பக்கம் வர வேண்டாம்."

கழுவுமிடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் முற்றம் தெரியும். சற்று நேரத்தில் அங்கே ஜீப் வந்து நின்றது. பாட்டில் கூடைகளைப் பின்னால் ஏற்றினார்கள். மேடம் சின்னவளை முன்சீட்டில் ஏறச் சொன்னார். இத்தனை வருஷத்தில் பெரியவள் அந்த ஜீப்பைத் துடைத்திருக்கிறாள், அதில் ஏறியதில்லை. ஜீப் கேட்டைத் தாண்டும்வரை அவள் ஒரே குடுவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை எல்லாம் டிரைவர் வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆற்றை எதிர்த்து மேலே மேலே போனார்களாம். ஒவ்வொரு பாலத்தடியிலும் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டுக் குளோரின் விட்டு, கையோடு கொண்டுபோன அடுப்பில் சூடாக்கிச் சின்னவளிடம் நீட்டுவார்களாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கு, மேல போகலாம்" என்பாளாம். பழைய ரயில் பாலத்தைத் தாண்டியதும், "இங்க இல்லை" என்றாளாம். அப்படியென்றால் கலப்பது இடையில்தான். திரும்பிக் கரையோடு நடந்தால், ஆற்றில் வந்து சேரும் ஒரு சிற்றோடை. அதன் வழியே போனால், ரசாயனம் வந்த பழைய பீப்பாய்களைக் கழுவி விற்கிற ஒரு கொட்டகை. கழுவிய தண்ணீர் புல்லுக்கடியில் ஒரு குழாய் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டகைக்காரர் அது மழைத் தண்ணீர் என்று சாதித்தாராம். மழை பெய்து ஒரு மாதமாகிறது. அன்றைக்கே பூட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்.

சின்னவள் புடவைக் கரையெல்லாம் சேறாக வீடு திரும்பினாள். நேரே மாடிக்குப் போனவள், க்ரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தெரிஞ்சுதான் இதைக் குடுத்தீங்களாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேற்றுச் சொன்ன ஒரு பொய்யே போதும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. "தெரிஞ்சுதான்."

"நேத்து என்னை உள்ள விட்டிருந்தா காலைலயே சொல்லியிருப்பேன். இத்தனை பேர் அதைக் குடிச்சிருக்க வேண்டியதில்ல."

"தெரியும்."

"போன்ல சொன்னதை விடுங்க. அதுகூடப் பரவாயில்ல. இது நீங்க எனக்குன்னு ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு முந்தாநேத்து ராத்திரி அவர்கிட்ட எத்தனை தரம் சொன்னேன் தெரியுமா?" டப்பாவைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு மாடிக்கும் கீழுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று. மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் சின்னவள் தன் கணவனிடம் சொல்வாள், அவன் படியில் பாதி இறங்கி அண்ணனிடம் சொல்வான், அண்ணன் வந்து பெரியவளிடம் சொல்வார். அதற்குள் தொட்டி வழிந்து முற்றம் குளமாகிவிடும். "ஒரே பஸ்ல போறீங்க. ஒருத்தி முன்வாசல்ல ஏறறா, ஒருத்தி பின்வாசல்ல ஏறறா. நடுவுல கண்டக்டருக்குத்தான் குழப்பம்" என்றார் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவள் ஒரு தடவை மாடிக்குப் போய், "தப்புதான்" என்று சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் நிமிராமலே "சரி" என்றாள். மடிப்பு நிற்கவில்லை. பெரியவள் இறங்கி வந்தாள். மன்னிப்புக் கேட்டால் வயிற்றெரிச்சல் போய்விடும் என்று நினைத்திருந்தாள். படியிறங்கும்போதே, மடித்த துணிகூட இவளுக்கு எப்படி இவ்வளவு நேராக வருகிறது என்றுதான் மனசு கணக்குப் பார்த்தது.

மழை வந்து போயிற்று. குழுவில் ஆள் குறைந்து திண்டாடிய மேடம் பெரியவளை மறுபடி கூப்பிட்டார். ஒரு நிபந்தனையோடுதான். எல்லா வாசனைகளையும் வரிசையாக வைத்து எல்லோரையும் புதிதாகச் சோதிப்பார், யாருக்கு எது வரவில்லையோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்து வாடைக் குடுவை வந்தபோது பெரியவள் ஒரு தரம் முகர்ந்துவிட்டு மூடியை வைத்தாள். எதிரில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வரல மேடம்."

சொல்லி முடித்ததும் உலகம் இடிந்து விழவில்லை. மேடம் குறித்துக்கொண்டு அடுத்த குடுவையை எடுத்தார்.

பிறகு வெயில் காலம் ஆரம்பித்தது. ஒரு காலை, தேக்கத்தின் மேல்மட்டத் தண்ணீர் வந்திருந்தது. முதல் சுற்று. பெரியவள் வழக்கம்போல நம்பிக்கையில்லாமல்தான் மூடியைத் தூக்கினாள். மூன்றாவது குடுவையில் ஏதோ நின்றது. புதைந்து கிடந்த செங்கல்லைப் புரட்டினால் வருமே, அந்த ஈரம். இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"மேடம், மண்வாடை."

"முதல் சுற்றுலயா?" மேடம் குறிப்பைப் பார்த்தார். "சரிதான். மூணாவதுதான்." பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "வேற யாருக்காவது?"

ஆபரேட்டர் தலையாட்டினார், காவலாளியும் இல்லை என்றார். எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் மூன்றாவது குடுவையை முகர்ந்தாள். வைத்துவிட்டு முதலாவதை முகர்ந்தாள். திரும்ப மூன்றாவதுக்கே வந்தாள். அப்படித் திரும்பப் போகக்கூடாது, அது விதி. அவளுக்கு விதி ஞாபகமில்லை. நாசி விரிந்து சுருங்கியது. உதடு இறுகியது.

"எனக்கு... இல்லை மேடம்."

சொல்லிவிட்டு அவள் பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு நொடிதான். அதற்குள் பெரியவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பார்வையை இனம் காண அவளைவிடப் பொருத்தமான ஆள் ஊரிலேயே கிடையாது. பொறாமை. அப்பட்டமான, பச்சையான பொறாமை. பணிவும் சிரிப்புமாக இருந்த அந்த முகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு உள்ளறை இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பாசி பூக்கப்போகிறது என்று தெரிந்ததால், அன்று மதியமே மேல்மட்ட மதகை மூடிவிட்டு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் ஊர் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் முன்வாசலில் ஏறவில்லை. பின்வாசலில் ஏறி, பெரியவள் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மண்வாடை எப்படிக்கா இருக்கும்?"

"மண்ணு மாதிரிதான் இருக்கும்."

"எனக்கு ஏன் வரல?"

குரலில் முள் இருந்தது. எத்தனையோ மாதமாகப் பேசாதவள் பேசுகிறாள், பக்குவமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவளுக்கு அந்த முள் தேனாக இனித்தது.

"எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா?" என்றாள், குரலில் சர்க்கரையைக் கொட்டி.

சின்னவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ஆனால் எழுந்து வேறு சீட்டுக்குப் போகவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு மோட்டாரை நானே போட்டு நிறுத்திக்கறேன். உங்க கொழுந்தன் சொல்லி வர்றதுக்குள்ள தொட்டி வழிஞ்சுடுது" என்றாள்.

"போட்டுக்கோ."

நிறுத்தம் வந்ததும் சின்னவள் முண்டியடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடைசி ஆளாக இறங்கினாள்.